தந்தையின் உரிமையும் குழந்தையின் நலனும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கி வந்த தமிழரும், போடிமெட்டு, குமுளி வழியே மலையேறித் தேவிகுளம், பீருமேடு தோட்டங்களை அடைந்த தமிழரும் பிழைப்பின் பொருட்டே எல்லை கடந்தவர் ஆவர். எல்லைப்புற வாழ்வில் உழைப்பவர்க்கு வழி உண்டு; ஓடிப் போகிறவர்க்கும் வழி உண்டு. மனைவி மக்களை விட்டுக் கணவன் மலையிறங்கிச் சென்று, கடிதமும் இன்றிக் காசும் இன்றி ஆண்டுகள் பல கழிந்துவிட்டால், “தகப்பனார் கையெழுத்து எங்கே?” என்று அலுவலகங்களில் கேட்கும்போது அத்தாய் என்ன விடை பகர்வாள்? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் தெளிவான விடை காண நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பழைய மலபாரின் பகுதியாய் இருந்த பாலக்காட்டில் ஒரு விந்தை நிலவியது. மருமக்கத்தாய முறையைக் கைக்கொண்ட தறவாடுகளில் குழந்தைகளுக்குக் காப்பாளர் தாய்மாமனாகிய காரணவரே; பெற்ற தந்தைக்கு அங்கே பெரும்பாலும் அதிகாரம் இல்லை. பக்கத்திலேயே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிலோ தந்தையே முழு அதிகாரி. தாய்க்குக் குரல் இல்லை. 1933-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மதராஸ் மருமக்கத்தாயச் சட்டமே அம்முறையினரிடையே தந்தைக்குக் காப்பாளர் நிலையை வழங்கியது. ஆகவே தந்தையின் உரிமை என்பது என்றும் மாறாத இயற்கை நியதி அன்று. வழக்கமும் சட்டமும் சேர்ந்து வகுத்ததே என்பது தெளிவாகும்.

1890-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மைனரின் நலமே நோக்கம் என்று கூறிய அச்சட்டம், தந்தை உயிரோடிருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரையில், மைனரைப் பேண வேறொருவரை நியமித்தல் ஆகாது என்றும் விதித்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்விதியில் தந்தையுடன் தாயையும் சேர்த்தது.

இச்சட்டத்தை உலகறியச் செய்த வழக்கு சென்னையில் நடந்தது. அடையாற்றில் வாழ்ந்த நாராயணய்யா என்பார் தம் புதல்வர்களாகிய கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா இருவரையும் பேணும் பொறுப்பை 1910-ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையாரிடம் எழுத்து மூலம் ஒப்புவித்தார். அம்மையார் சிறுவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தை மனம் மாறி, 1912-இல் செங்கற்பட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தையின் வழக்கறிஞராய் வாதாடியவர், பிற்காலத்தில் திருவிதாங்கூர் திவானாய் விளங்கிய சி. பி. இராமசாமி ஐயர். அம்மையாரோ தம் கட்சியைத் தாமே வாதித்தார். 1913-இல் உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் தந்தையே வென்றார். ஆனால் 1914 மே மாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. தந்தை தம் காப்பாளர் உரிமையை மீட்க முடியாதவாறு பிறர்க்கு அளித்துவிட இயலாது என்பதை அது ஒப்புக்கொண்டது. எனினும், சிறுவர்கள் செங்கற்பட்டில் வசிக்கவில்லையாதலின் அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும், அவர்களுடைய நலனும் விருப்பமும் ஆராயப்படவில்லை என்றும் சுட்டியது. குழந்தை வசிக்கும் இடமும், குழந்தையின் நலனும் ஆகிய இவ்விரண்டுமே அவ்வழக்கு நமக்கு விட்டுச் சென்ற பாடங்கள்.

1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையும் அவருக்குப் பின் தாயும் இயற்கைக் காப்பாளர் என்றது. “பின்” என்ற சொல் தந்தையின் மரணத்துக்குப் பின் என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்தது. இருபதாண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்து, மகளின் நலனில் சிறிதும் நாட்டம் கொள்ளாத ஒரு தந்தையைப் பற்றிய வழக்கில், 1970-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தாயையே இயற்கைக் காப்பாளராக ஏற்றது.

பின்னர், கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மைனர் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விழைந்தபோது, தாய் மட்டும் காப்பாளராய்க் கையொப்பமிடுவதை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்தது. அவர் தொடுத்த வழக்கில் 1999 பிப்ரவரி 17-ஆம் நாள் உச்சநீதிமன்றம், “பின்” என்பதற்கு “இல்லாதபோது” என்று பொருள் கூறியது. தந்தை குழந்தையிடம் முற்றும் பாராமுகமாய் இருப்பினும், தாயும் சேயும் வாழும் இடத்தை விட்டு அகன்றிருப்பதால் பொறுப்பை ஆற்ற இயலாதிருப்பினும், அவர் “இல்லாதவரே”. 2015-இல் மணமாகாத ஒரு தாயின் வழக்கில், தந்தையைப் பெயர் கூறி அழைக்காமலேயே அவளைக் காப்பாளராக்கலாம் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று.

அமெரிக்காவில் பெற்றோர் உரிமையை முற்றிலும் அறுத்தெறியும் தனி வழக்கு முறை உண்டு. அதற்கும் தெளிவும் உறுதியும் வாய்ந்த சான்று வேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1982-இல் விதித்தது. நம் நாட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் அத்தகைய தனி வழக்கு இல்லை. நீதிமன்றம் காப்பாளரை அறிவிக்கின்றது, தகாதவரை நீக்குகின்றது. முற்றும் கைவிடப்பட்ட குழந்தையாயின், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, தத்துக்குரியதாக அறிவிக்கும்.

1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்கள் பாலக்காட்டிலும், இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையிலும் உள்ளன. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே காப்பாளர் மனுவைக் கொடுக்கலாம். ஓடிப்போனவரின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டுவதில்லை. அவர் இருப்பிடம் தெரியாவிடின், நீதிமன்ற உத்தரவு பெற்றுப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிடலாம். அதன் பின்னும் அவர் வாராவிடில் வழக்கு நிற்காது. காப்பாளர் நிலையை இழந்த தந்தை, பிள்ளைக்குச் சோறிடும் கடமையினின்று தப்பிவிட்டார் என்றும் எண்ணற்க, அக்கடமை நீங்குவதில்லை.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. தொலைவில் இருப்பவரெல்லாம் கைவிட்டவர் அல்லர். நம்முள் பலர் பணியின் பொருட்டுக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தவர்களே. மாதந்தோறும் பணம் அனுப்பி, விடுமுறைக்கு ஓடிவரும் தந்தையைச் சினத்தின் காரணமாக “இல்லாதவர்” ஆக்குதல் அறமன்று. சட்டம் தந்தையைத் தண்டிக்க வந்ததன்று. குழந்தையைக் காக்க வந்தது.

ஆதலின், நம் காலனியிலோ மலைத் தோட்டங்களிலோ கையெழுத்துக்காகக் கலங்கி நிற்கும் தாயைக் காணின், “விதி” என்று கூறி அகலாது, அவளுடன் நீதிமன்றப் படி வரையேனும் நடந்து செல்வோமாக. அயல் மண்ணில் சங்கம் அமைத்து வாழும் நாம் ஒருவர்க்கொருவர் செய்யக்கூடிய உறவின் கடமை அதுவே.