51 புள்ளிகள், மூன்று முறை: அலெக்ஸாந்த்ர் டேக்கின் கதை

இந்த எபிசோடுக்கு நாம போற இடம் கனடாவில் இருக்குற கியூபெக் நகரம். தேதி 1993 ஜூன் 26. என்.எச்.எல். எனப்படுற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகோட டிராஃப்ட் நடக்குது. முதல் ஆளா கூப்பிடப்பட்ட பெயர் அலெக்ஸாந்த்ர் டேக். வயசு 18. அடுத்த பெரிய நட்சத்திரம் இவர்தான்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை. இது ஒரு பையன் சரியா ஆடலைங்கற கதை மட்டும் இல்லை. 18 வயசுல ஒருத்தரை எப்படி எடை போடுறோம், எடை போட்ட பிறகு அவரை என்ன பண்றோம் என்பதும் இதுக்குள்ள இருக்கு.

டிராஃப்ட்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம். இது ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. கையைத் தூக்கி விலை ஏத்துறது இல்லை. அணிகள் வரிசையா ஒவ்வொரு இளைஞரா தேர்ந்தெடுக்கும். அப்போ, போன சீசன்ல கடைசியா வந்த அணிக்கு முதல் வாய்ப்பு கிடைச்சுது. பலவீனமான அணி மேல வரணும் என்பதுதான் நோக்கம்.

இந்த முறை வர்றதுக்கு முன்னாடி நிலைமை வேற. பெரிய அணிகள் ஜூனியர் கிளப்புகளுக்குப் பணம் கொடுத்து, அங்க ஆடுற பசங்களோட உரிமையைக் கையில வச்சிருந்தாங்க. பாபி ஓர் 12 வயசுப் பையனா இருந்தப்பவே பாஸ்டன் அணிக்காரங்க கண்ணுல பட்டவர். 14 வயசுல அவங்களோட ஜூனியர் அணியில ஆட ஆரம்பிச்சுட்டார். 1963ல் மான்ட்ரியலில் நடந்த முதல் டிராஃப்ட் அந்த முறையை மெல்ல மெல்ல மாத்துச்சு. அன்னைக்குத் தேர்வானவங்க மொத்தம் 21 பேர்தான். 1970களில் பொதுவா 20 வயசு ஆனவங்களைத்தான் எடுத்தாங்க. 1979, 80ல் அந்த வயசு 18க்கு இறங்குச்சு.

இந்த இரண்டு வருஷ வித்தியாசம் சின்ன விஷயம் இல்லைங்க. 20 வயசுப் பையனோட உடம்பு கிட்டத்தட்ட முழுசா வளர்ந்திருக்கும். 18ல் அப்படிச் சொல்ல முடியாது. கையில இருக்குற டேட்டாவும் குறைவு, ஆனா எடுக்குற முடிவு அதே அளவு பெரிசு. நம்ம துறைக்காரங்களுக்கு இது நல்லா புரியும்.

இப்போ டேக்குக்கு வருவோம். 1992-93ல் கியூபெக் ஜூனியர் லீகில், விக்டோரியாவில் அணிக்காக 53 ஆட்டத்தில் 137 புள்ளிகள். ஹாக்கியில கோல் அடிச்சா ஒரு புள்ளி, கோலுக்கு வழி செஞ்சு கொடுத்தாலும் ஒரு புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி இரண்டரைக்கு மேல! ஸ்கேட்டிங்கில் அபார வேகம். பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவார்.

ஆனா அந்த 137ஐ எப்படிப் படிக்கணும்? ஜூனியர் லீகில் எதிரணியில 16 வயசுப் பசங்களும் ஆடுவாங்க. அந்தக் காலத்து கியூபெக் லீகில் கோல்கள் கொட்டும். அங்க வேகம் ஒண்ணு போதும், தடுக்க வர்றவரைத் தாண்டிப் போயிடலாம். என்.எச்.எல்.லில் தடுக்க வர்றவர் 28 வயசு ஆளு, அவரும் வேகமாத்தான் வருவார். அதனால நல்ல ஸ்கவுட் புள்ளிக் கணக்கோட நிறுத்த மாட்டார். பக் தன்கிட்ட இல்லாதப்போ பையன் எங்க நிக்கிறான்? அடி விழும்னு தெரிஞ்சும் கோல் முன்னாடி போறானா? அணி தோத்துட்டு இருக்கும்போது கடைசி பத்து நிமிஷம் எப்படி ஆடுறான்? இதெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் வராது.

பிறந்த மாசமும் கணக்கைக் குழப்பும். கனடாவில் சிறுவர் ஹாக்கியில வயசை ஜனவரி 1 வச்சுத்தான் பிரிப்பாங்க. ஜனவரியில பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே குழு. பத்து வயசுல பதினொரு மாச வித்தியாசம் ரொம்பப் பெரிசு. 1985ல் பார்ன்ஸ்லியும் அவரோட சக ஆய்வாளர்களும் கனடா வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்து, வருஷத் தொடக்கத்தில் பிறந்தவங்க அதிகமா மேல வர்றதைக் காட்டினாங்க. 2013ல் டீனரும் அவர் குழுவும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேல போச்சு: வருஷக் கடைசியில பிறந்தவங்க, தங்களை எடுத்த இடத்தை வச்சுப் பார்த்தா எதிர்பார்த்ததை விட நல்லாவே சாதிச்சிருந்தாங்க. அதாவது, ஸ்கவுட்டுகள் பல தடவை திறமையோட சேர்த்து வளர்ச்சி முந்தினதையும் மதிப்பெண்ணா போட்டிருக்காங்க.

சரி, டேக்கை எடுத்தது யார்? ஒட்டாவா செனட்டர்ஸ். 1992ல் தொடங்கிய புது அணி. முதல் சீசன்ல 84 ஆட்டத்தில் ஜெயிச்சது 10. டேக் வேணும்னே வேணும்னு தோத்தாங்களோன்னு பேச்சு கிளம்புச்சு. லீக் விசாரணை நடத்துச்சு. வேணும்னு தோத்ததா நிரூபணம் ஆகலை. ஆனா அணி உரிமையாளர் பேசின பேச்சுக்காக 1 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. 1995ல் முதல் இடத்துக்கு லாட்டரி முறை வந்ததுக்கு இந்த விவகாரம் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு ஐந்து வருஷத்துக்குச் சுமார் 1.22 கோடி டாலர் ஒப்பந்தம். இதுவும் லீகையே உலுக்குச்சு. 1995ல் புதுமுகங்களோட சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்துடுச்சு. ஒரே பையனைச் சுத்தி இரண்டு விதிகள் மாறியிருக்கு, பாருங்க.

பணம் கொடுத்தாச்சு, போஸ்டர் அடிச்சாச்சு. இனி அவரை இன்னொரு வருஷம் ஜூனியருக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? விதிப்படி முடியும். ஆனா டிக்கெட் விற்கணுமே! நேரா பெரிய லீகில் இறக்கினாங்க. முதல் வருஷம் 20 கோல், 31 அசிஸ்ட், மொத்தம் 51 புள்ளிகள். 18 வயசுக்கு இது நல்ல தொடக்கம்தான்.

பிரச்சினை அதுக்கப்புறம். ஒட்டாவா முதல் நாலு சீசனும் அட்டவணையின் அடியிலேயே கிடந்துச்சு. 1995-96ல் ஒரே சீசன்ல மூணு பயிற்சியாளர்கள். ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது மனசுல பதியறதுக்குள்ள அடுத்தவர் வந்துடுவார். பக்கத்துல நின்னு கத்துக்கொடுக்க அனுபவமுள்ள நட்சத்திரங்களும் அங்க அதிகம் இல்லை. 1996-97ல் மறுபடியும் 51 புள்ளிகள். 1998 ஜனவரியில் ஒட்டாவா அவரை பிலடெல்பியாவுக்கு அனுப்பிடுச்சு. 2000ல் அவரே ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷம் விலகினார். திரும்பி வந்து 2003-04ல் மினசோட்டா அணிக்கு ஆடினார். அந்த வருஷம் எவ்வளவு தெரியுமா? 20 கோல், 31 அசிஸ்ட், 51 புள்ளிகள்! 18 வயசுல வந்த அதே கணக்கு, 29 வயசுலயும். அதுக்கு மேல ஒரு சீசன்லயும் அவர் போகலை.

அப்போ தப்பு அணியோட வளர்ப்புலயா? முழுசா அப்படிச் சொல்லிட முடியாது. அதே டிராஃப்டில் இரண்டாவதா போன கிறிஸ் புரோங்கரும் 18 வயசுலயே நேரா ஆட வந்தவர்தான். ஹார்ட்ஃபர்டில் இரண்டு வருஷம் தடுமாறி, செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டவர். ஆனா 2000ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். நாலாவதா போன பால் கரியா வேற பாதை. மெயின் பல்கலைக்கழகத்துல ஆடிட்டு, 1994 ஒலிம்பிக்கில் கனடாவுக்காக வெள்ளி வாங்கிட்டுத்தான் என்.எச்.எல். வந்தார். இரண்டு பேரும் இன்னைக்கு ஹாக்கியின் புகழ் மன்றத்தில் இருக்காங்க.

இன்னும் ஒருத்தர்: பவெல் தட்ஸ்யுக். 1998ல் டெட்ராய்ட் அவரை 171வது ஆளா எடுத்துச்சு. எடுத்த உடனே இழுத்துட்டு வரலை. 2001 வரை ரஷ்யாவிலேயே ஆட விட்டாங்க. வந்ததும், உலகத் தரமான மூத்த வீரர்கள் நிறைஞ்ச அணியில இடம். முதல் சீசன்லயே ஸ்டான்லி கோப்பை. யாரும் அவரைக் காப்பாளன்னு போஸ்டர் ஒட்டலை.

எனக்கு என்ன தோணுதுன்னா, ஸ்கவுட்டுகள் டேக்கோட வேகத்தையும் கைத்திறனையும் தப்பா பார்க்கலை. அது இருந்துச்சு. ஆனா 18 வயசுல அவர் இருந்த நிலையைத் தொடக்கமா பார்க்காம, அதே வேகத்துல ஏறிக்கிட்டே போவார்னு கணக்குப் போட்டுட்டாங்க. அந்த ஏற்றம் தானா வராது. அதுக்கு நிலையான பயிற்சி வேணும், சுமையைப் பங்கு போட ஆள் வேணும், தோத்துக் கத்துக்க அவகாசம் வேணும். ஆட்டத்து மேல தனக்கே ஒரு பசியும் வேணும். இதுல எது டேக்குக்கு எவ்வளவு குறைஞ்சதுன்னு வெளியில இருந்து பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

ஒண்ணு மட்டும் மறக்க வேண்டாம். டேக் என்.எச்.எல்.லில் 616 ஆட்டங்கள் ஆடி, 129 கோல், 327 புள்ளிகள் எடுத்தவர். டிராஃப்டில் தேர்வாகி ஒரு ஆட்டம்கூட ஆடாமப் போனவங்க ஏராளம். அப்புறம் சுவிட்சர்லாந்து போய் டாவோஸ் அணியோட சாம்பியன் பட்டமும் ஜெயிச்சார். 100வது ஆளா வந்திருந்தா இதை நல்ல வாழ்க்கைன்னு பாராட்டியிருப்போம். முதல் ஆளா வந்ததால, டிராஃப்ட் வரலாற்றின் பெரிய ஏமாற்றம்னு இன்னமும் அவர் பேரைப் பட்டியல்ல போடுறாங்க. அவர் ஆடின ஆட்டம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.