மீஸான் கல் எதற்காக நடப்பட்டது?

 

மேலைநாடுகளில் அடக்கத்தலங்களைப் பராமரிப்பது இன்று ஒரு தொழிலாகிவிட்டது. கட்டணம் செலுத்தினால் கல்லைக் கழுவி, களை நீக்கி, படமெடுத்தும் அனுப்புகின்றனர். வளைகுடாவில் வாழும் நம் பிள்ளைகளும் ஊர் மையவாடியில் பெற்றோரின் கப்றைச் சுத்தம் செய்ய ஆள் அமர்த்துகின்றனர். இது கூடுமா, கூடுமெனில் எதுவரை என்று வினவுவோர் பலர். விடை காண, அந்தக் கல் முதலில் எதற்காக நடப்பட்டது என்பதை வரலாற்றில் நோக்க வேண்டும்.

முஹாஜிர்களுள் மதீனாவில் முதலில் மரணித்தவர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி). அவர்களை அடக்கியபின், ஒரு கல்லைக் கொண்டுவருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரைப் பணித்தார்கள். அவரால் அதைத் தூக்க இயலவில்லை. நபியவர்களே எழுந்து, கைச்சட்டையை மடித்துக்கொண்டு, அதைச் சுமந்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்றை அடையாளம் காணவும், தம் குடும்பத்தாரை அருகில் அடக்கவும் அது உதவும் என்று காரணமும் கூறினார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. கப்றுகளுக்குச் சுண்ணம் பூசுவதையும், அவற்றின்மேல் கட்டுவதையும், அமர்வதையும் தடுத்த நபிமொழி முஸ்லிமில் உள்ளது. ஆகவே அடையாளம் நபிவழி, அலங்காரம் அன்று. கல்லில் எழுதுவதற்குத் திர்மிதீயில் தடை வந்திருப்பினும், அடையாளத்திற்காகப் பெயர் பொறிப்பதை அறிஞர் சிலர் அனுமதித்துள்ளனர்.

எழுத்துப் பொறித்த மீஸான் கற்களுள் மிகப் பழமையான ஒன்று எகிப்தில் கிடைத்தது. அது கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்துர் ரஹ்மான் இப்னு கைர் அல்ஹஜ்ரீ என்பவருக்காக ஹிஜ்ரி 31இல் (கி.பி. 652) செதுக்கப்பட்டது அது. அதில் புகழுரை இல்லை. இறந்தவருக்காக இறைவனிடம் இறைஞ்சிவிட்டு, இவ்வெழுத்தைப் படிப்பவரும் அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு ஆமீன் சொல்லும்படி அது வேண்டுகிறது. எழுத்து மங்கிவிட்டால் அந்த வேண்டுகோளும் மங்கிவிடும்.

பராமரிப்பாரின்றிப் போன கல்லின் கதி என்ன என்பதற்குக் கொழும்பு சான்று. அங்கிருந்த முஸ்லிம் மையவாடியில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கூஃபீ எழுத்துக் கல் ஒன்று இருந்தது. அதில் காலித் இப்னு அபீ பகாயா என்ற பெயர் காணப்பட்டது. டச்சுக்காரர் ஆட்சியில் அதிகாரி ஒருவர் தம் வீட்டு வேலைக்கு அதனைப் பெயர்த்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் கவனத்திற்கு வந்து, 1827இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் அதன் வாசகம் அச்சேறியது. வாசகம் பிழைத்தது, ஆயினும் எந்தத் தலைமாட்டிற்காகச் செதுக்கப்பட்டதோ அங்கே கல் இல்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலத்தில் கரைபவை. கழிவறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் ஆகியவை ஒரே நாளில் கல்லைப் பளபளக்கச் செய்யும், எழுத்தையும் அரித்துவிடும். தூய நீரும் மென்மையான பிரஷும் போதும். பாசியை நன்கு ஊறவைத்து மரச்சில்லால் மெல்லப் பெயர்க்கலாம். உதிரும் நிலையிலுள்ள கல்லைத் தேய்க்கலாகாது. கல்லைப் பெயர்க்கும் வேருடைய செடிகளை அகற்றலாம். பசும்புல்லை அவசியமின்றிப் பிடுங்குவதை ஃபிக்ஹு அறிஞர் பலர் மக்ரூஹ் என்றனர். பணியாளர் கப்றின்மேல் ஏறி நிற்காதிருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜமாஅத்தின் அனுமதியையும் பெறுங்கள்.

குழி தோண்டுபவருக்குக் கூலி கொடுப்பது போலவே இப்பணிக்கும் கூலி கொடுக்கலாம். ஆனால் கழுவிய கல்லைப் படித்து துஆச் செய்ய வேண்டியவர்கள் பிள்ளைகளே. ஸாலிஹான பிள்ளையின் துஆ மரணத்திற்குப் பின்னும் பெற்றோரைச் சேரும் என்பது நபிமொழியின் கருத்து. எனவே விடுமுறைக்கு ஊர் வரும்போது பேரப்பிள்ளைகளை ஸியாரத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லிலுள்ள பெயரை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அருகே கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஏழையின் கல்லுக்கும் ஒரு குடம் நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நம் முன்னோரின் கப்றுகளை அல்லாஹ் ஒளிமயமாக்கி அருள்வானாக! ஆமீன்.