காற்றை வெளியேற்றுதல்: ஒரு வாக்கியத்தின் வரலாறு

வீட்டுச் சமையலறைக்கு வேக்குவம் சீலர் வாங்கப் போகிறவர் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம் ஒன்றுதான்: 'காத்தை எடுத்துட்டா எதுவும் கெடாதுங்க.' சந்தையின் வெறும் பேச்சாகத் தோன்றும் இதற்கு வயது இருநூறுக்கும் மேல். விஞ்ஞானக் கருத்தாகப் பிறந்து, தவறென்று நிறுவப்பட்டு, விளம்பரமாக மறுபிறவி எடுத்த வாக்கியம் இது.

பிரான்சில் மிட்டாய்த் தொழில் செய்துவந்த நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துத் தக்கையால் இறுக்கிக் கொதிநீரில் வைத்துப் பாதுகாத்தார். 1810இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் தந்தது. முறையை நூலாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. புட்டிக்குள்ளிருந்த காற்றைச் சோதித்த வேதியியலாளர் கே-லூசாக், அதில் ஆக்ஸிஜன் இல்லை, அதுவே காரணம் என்றார். வேலை செய்தது நெருப்பு. பெயரை வாங்கிக்கொண்டது வெற்றிடம்.

1861இல் லூயி பாஸ்டர், காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் உண்டென்று காட்டியபோது இந்த விளக்கம் உள்ளிருந்தே உடைந்தது. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், ஒரு சாவுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடையைத் தின்று நோயுற்றார்கள், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்த கிருமிதான் இன்று கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் எனப்படுவது. காற்றில்லாத இடமே அதற்கு வீடு. கொதிநீரிலும் அதன் ஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்கணும் என்பதும் காற்றை விலக்கும் வழிதான். ஆனால் எண்ணெயை மட்டும் நம்பி யாரும் ஊறுகாய் போட்டதில்லை. உப்பும் புளிப்பும் வெயிலும் முதலில், எண்ணெய் கடைசியில். இயந்திரம் பற்றிய சொல்லாடல் இந்த வரிசையைக் கலைத்து, கடைசிக் காரியத்தை ஒரே காரியமாக நிறுத்துகிறது.

ஆகவே 'எந்த மெஷின்' என்பதற்கு முன்னால் 'எதை அடைக்கப் போகிறோம்' என்ற கேள்வி வர வேண்டும். பருப்பு, மிளகாய் வத்தல், காப்பித்தூள் என்றால், பையின் வாயை மட்டும் கவ்வி இழுக்கும் சிறிய வகையே போதும். ஈரமும் வண்டும் அண்டாது. ஆனால் உள்பக்கம் வரிவரியாக இருக்கும் தனிப் பையை அது கேட்கும். அந்தச் செலவு ஓயாது. குழம்பும் மசாலா தடவிய கறியும் அடைப்பவருக்குப் பையை முழுசாக உள்ளே வாங்கிக்கொள்ளும் அறை வகை சரி. சிறியதில் சாறு பம்புப் பக்கம் ஏறிவிடும். அறை வகை கனமானது, விலையும் கூடுதல். எதில் அடைத்தாலும் சமைத்த உணவும் மீனும் கறியும் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். பச்சைப் பூண்டையும் காளானையும் அடைத்து வெளியே வைக்கக் கூடாது.

காரணம் எளிது. உணவை நாறவைத்து நம்மை எச்சரிக்கும் சாதாரணக் கிருமிகளில் பலவற்றுக்குக் காற்று வேண்டும். பாட்டுலினம் நஞ்சு சேர்ந்த உணவோ நாறாமலும் இருக்கலாம். 'மோந்து பாத்துக்கலாம்' என்கிற நமது பழைய தற்காப்பையும் சேர்த்துத்தான் இந்த இயந்திரம் உறிஞ்சிவிடுகிறது. மிஞ்சுவது அடைத்த தேதியை எழுதி ஒட்டிய சீட்டும் குளிரும்தான்.