52இலிருந்து 37 போனால்: கணினியில் கணக்குப் பழகும் பிள்ளைகள்

வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் வசிக்கும் ஊரவர்கள் அனுப்பிய காசில் வாங்கியவை. சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை, தரம் 3 தொடக்கம் தரம் 7 வரையான பிள்ளைகள் அங்கே வந்து கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் பழகுகிறார்கள். திரையில் ஒரு கணக்குத் தோன்றும். விடையைக் கொடுத்தால் சரி அல்லது பிழை என்று காட்டும். பத்து அல்லது இருபது கணக்கு முடிந்ததும் புள்ளி வரும். இவ்வளவுதான் அந்த மென்பொருளின் வேலை. சில வருடங்களாக அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து வருகிறேன். வீட்டில் கணினியையோ கைத்தொலைபேசியையோ கொடுத்துக் கணக்குப் பழக்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் அங்கே கண்டவற்றை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் தரம் 6 மாணவி ஒருத்தியைத் தாய் கூட்டிவந்தார்.

"சேர், இவள் வீட்டில ஒவ்வொரு நாளும் போனில கணக்குச் செய்யிறவள். நூறுக்கு நூறு எண்டுதான் காட்டுது. ஆனா தவணைச் சோதினையில இருபத்தெட்டு. பயத்திலதான் பிழைவிடுறாள் எண்டு நினைக்கிறன்."

அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்கின் கீழும் நான்கு விடைகள். பிழையான விடையைத் தொட்டால் அது சிவப்பாகும், இன்னொன்றைத் தொடலாம். பச்சை வரும்வரை எத்தனை தரமும் தொடலாம். பத்துக் கணக்கும் பச்சையானதும் நூறு புள்ளியும் கைதட்டல் சத்தமும் வரும். பிள்ளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவளிடம் துளியும் இருக்கவில்லை. அதுதான் அந்த விளையாட்டின் முறை என்று விளங்கி வைத்திருந்தாள்.

கடதாசியில் ஐந்து கழித்தல் கணக்குகள் எழுதிக் கொடுத்தேன். 47இலிருந்து 23 போக 24 என்று சரியாக எழுதினாள். 68இலிருந்து 15 போக 53, அதுவும் சரி. 52இலிருந்து 37 போக 25 என்றாள். 81இலிருந்து 46 போக 45. 304இலிருந்து 128 போக 224. வரிசையாக மூன்று பிழைகள்.

"இந்த இருபத்தைஞ்சு எப்பிடி வந்தது?" என்று கேட்டேன்.

"ஏழில ரண்டு போனா அஞ்சு. அஞ்சில மூண்டு போனா ரண்டு."

"ஏன் ஏழில ரண்டு? மேல இருக்கிறது ரண்டெல்லோ?"

"சின்னனில இருந்து பெரிசைக் கழிக்கேலாது எண்டு முந்தி ரீச்சர் சொன்னவா."

மூன்று பிழைகளும் ஒரே பிழைதான். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்த முறை சரியான விடையைத் தந்துவிடும். ஆகவே தன்னுடைய விதியில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. சில கணக்குகள் சரிவரும், சில வராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவள் தரம் 2. அடுத்த வருடமும் பெரும்பாலும் வீட்டில். கடன் வாங்கிக் கழித்தலை ரீச்சர் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அப்போது வீட்டில் இருந்த ஒரே போன் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டது.

கழித்தலில் இந்தப் பிழை உலகம் முழுவதும் உள்ளது. 1978இல் அமெரிக்காவில் ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இதுவும் உண்டு. பிள்ளைகள் கண்டபடி பிழைவிடுவதில்லை, பழுதான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்பது அவர்களின் கருத்து. கணினிச் செய்நிரலில் வரும் கோளாறை வழு என்கிறோமே, அதே சொல்லைப் பிள்ளைகளின் பிழைகளுக்கும் வைத்தார்கள். அவர்கள் செய்த மென்பொருள் ஒன்று வழமைக்கு மாறானது. அதில் கணினிதான் மாணவன்; வேண்டுமென்றே ஒரு வழுவோடு விடை சொல்லும். ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள் அதற்குக் கணக்குகள் கொடுத்து, அந்த வழு எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படியொன்று எங்கள் கல்வியியற் கல்லூரிகளிலும் இருந்தால் நல்லது.

பிள்ளைகளுக்குக் கணக்குக் கேட்கும் இயந்திரங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. 1960களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பட்ரிக் சப்பிஸும் ரிச்சர்ட் அட்கின்சனும் கணினி மூலம் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எண்கணிதப் பயிற்சி கொடுத்தார்கள். 1976இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 'லிட்டில் புரொபெசர்' என்ற கையடக்கப் பொறியை விற்பனைக்கு விட்டது. பார்வைக்குக் கணிப்பான் போல இருக்கும், ஆனால் கணக்கை அது கேட்கும், விடையை நாங்கள் கொடுக்க வேண்டும். விடை பிழையென்றால் திரையில் மூன்று 'ஈ' எழுத்துகள் தோன்றும். மூன்று தரம் பிழைத்தால் சரியான விடையைக் காட்டிவிடும். ஏன் பிழை என்று அதற்குத் தெரியாது. இன்றைய போன் செயலிகள் பலவற்றில் நிறமும் சத்தமும் கூடியிருக்கின்றன. பிழையைப் பற்றிச் சொல்லும் விடயத்தில் அவை அந்த மூன்று எழுத்துகளைத் தாண்டிப் போகவில்லை.

1973இல் ஸ்டான்லி ஏர்ல்வாங்கர் எழுதிய ஆய்வொன்றில் பெனி என்ற புனைபெயரில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். கணினி இல்லை, தானே படித்து, சோதனை எழுதி, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தி அடுத்த படிக்குப் போகும் கற்பித்தல் முறை. பெனி வேகமாக முன்னேறியவன், கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். உட்கார்ந்து கதைத்துப் பார்த்தபோது, பின்னத்தைத் தசமமாக்க அவன் மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பதினொன்றில் நான்கு அவனுக்கு 1.5. அவனுடைய முன்னேற்றப் பதிவைப் பார்த்த எவருக்கும் அது தெரிந்திருக்காது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு கணினியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு வேலையை அது எங்களைவிட நன்றாகச் செய்கிறது: ஒழுங்கைக் குலைத்துக் கேட்பது. நாங்கள் வாய்ப்பாடு பாடமாக்கியது ஓசையோடு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்டு என்று முற்றத்தில் நடந்து நடந்து சொல்வோம். அந்த ஓசை நல்லது, மறக்காது. ஆனால் ஏழெட்டு எத்தனை என்று திடீரெனக் கேட்டால் ஓரேழில் தொடங்கி ஏறித்தான் எட்டுக்கு வரவேண்டும். எங்கள் நிலையத்துப் பிள்ளைகளின் உதடுகள் அசைவதைக் கவனித்திருக்கிறேன். கணினி ஏழெட்டுக்குப் பிறகு மூவாறு, அதன்பின் ஒன்பது நான்கு என்று தாறுமாறாகக் கேட்கும், சலிக்காமல் கேட்கும். சில கிழமைகளில் அந்த ஏணி தேவைப்படாமல் போகிறது.

அதோடு, பிள்ளை உண்மையில் பாடமாக்க வேண்டியவை பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒன்று முதல் பத்து வரையான வாய்ப்பாடுகளில் நூறு பெருக்கல்கள். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றென்று விளங்கினால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்ப்பாடுகளை அநேகமான பிள்ளைகள் இலகுவாகப் பிடித்துக்கொள்வார்கள். அவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 21. இந்த 21ஐ மட்டும் தெரிவுசெய்து கேட்கக்கூடிய மென்பொருள் இருந்தால் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பத்தாம் வாய்ப்பாட்டை நாற்பது தரம் கேட்டுப் புள்ளி கொடுக்கும் மென்பொருளால் பெற்றோருக்கு மட்டும்தான் சந்தோசம்.

ஆகவே மென்பொருளைத் தெரிவு செய்யும்போது முதலில் நான் பார்ப்பது, விடையைத் தட்டெழுத வேண்டுமா, நான்கில் ஒன்றைத் தொட வேண்டுமா என்பதை. தட்டெழுதுவதே நல்லது. ஒரு கணக்குக்கு ஒரு முயற்சிதான் புள்ளியில் சேரவேண்டும். எந்த எண்கள், எந்தச் செய்கை என்று நாங்களே தீர்மானிக்கக்கூடியதாகவும், இணைய இணைப்பு இல்லாமல் இயங்கக்கூடியதாகவும் இருந்தால் மிக நல்லது. இடையிடையே விளம்பரம் காட்டுபவற்றை விட்டுவிடுங்கள். நாங்கள் பழைய கணினிகளில் டக்ஸ்மாத் என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறோம். வானத்திலிருந்து வால்வெள்ளிகள் கணக்குகளைச் சுமந்துகொண்டு விழும். சரியான விடையைத் தட்டெழுதினால் வெடிக்கும். சிறியவர்களுக்கு அதில் நல்ல விருப்பம். ஆனால் கணக்கின் முறை விளங்காத பிள்ளையை அதற்கு முன்னால் இருத்தக்கூடாது. விழுந்துகொண்டிருக்கும் கல்லைப் பார்த்தபடி யாராலும் கடன் வாங்கிக் கழிக்கப் பழக முடியாது.

நேரக் கட்டுப்பாடு பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் 2022 முதல் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கணினியில் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 செக்கன்கள். 2024இல் 34 வீதமான பிள்ளைகள் 25க்கு 25 எடுத்தார்கள். அங்கே அதற்குச் சித்திப் புள்ளி என்று ஒன்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய்ப்பாட்டுக்கு நேரம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியுமென்றால். தெரியாத பிள்ளைக்கு மணிக்கூடு ஓடினால் அது ஊகிக்கத்தான் பழகும்.

சென்ற வருடம் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் ஊர்த் தம்பி ஒருவர் பைதன் மொழியில் எங்களுக்கென்று ஒரு வினாவிடைச் செய்நிரல் எழுதித் தந்தார். ஒரு பின்னேர வேலை. அழகாக இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான். ஆனால் கேட்ட கணக்கு, பிள்ளை கொடுத்த விடை, எடுத்த செக்கன்கள் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. பிள்ளைகள் போனபிறகு அந்தக் கோப்பைத் திறந்து வாசிப்பேன். அதில் பிழைகளுக்கு முகம் இருக்கிறது.

ஒன்பதும் ஆறும் 14 என்று ஒரு பையன் திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தான். ஒன்பதையே முதல் விரலாக வைத்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆறு விரல் எண்ணுகிறான். பத்திலிருந்து எண்ணத் தொடங்கச் சொன்னதும் அந்தக் குடும்பத்துப் பிழைகள் முழுவதும் நின்றுவிட்டன. நாற்பதை ஆறால் பெருக்க 24 என்றால் பூச்சியம் தொலைந்திருக்கிறது. 56க்குப் பதிலாக 65 என்று இரண்டு செக்கனில் வந்தால் அநேகமாக விரல் தவறியிருக்கும், விட்டுவிடலாம். தொண்ணூற்றேழு என்று நான் வாசிக்க ஒரு சின்னப்பிள்ளை 107 என்று தட்டியது. தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் கேட்பது எங்கள் மொழியின் குணம். வினாவைக் குரலில் வாசிக்கும் தமிழ் மென்பொருள் செய்பவர்கள் எண்ணைத் திரையிலும் காட்டுவது நல்லது.

மின்சாரம் இல்லாத நாட்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது. பழைய கொப்பி மட்டைகளைச் சீட்டுகளாக வெட்டி, முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் விடை. மூன்று பெட்டிகள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும், பிழைத்தது முதற்பெட்டிக்குத் திரும்பும். முதற்பெட்டியை ஒவ்வொரு நாளும், மூன்றாவதைக் கிழமைக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மனியர் 1970களில் பிரபலமாக்கிய முறை இது. இன்று பல மென்பொருள்கள் செய்வதும் இதையேதான்.

அந்தத் தரம் 6 மாணவியை மூன்று கிழமைக்குக் கணினிப் பக்கம் விடவில்லை. தென்னை ஈர்க்கைச் சிறிய துண்டுகளாக முறித்துப் பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டோம். ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் 52. அதிலிருந்து 37 தா என்றேன். மூன்று கட்டுகளைத் தந்தாள். ஏழு தனி ஈர்க்குத் தர வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு கட்டைப் பிரிக்கலாமோ சேர்?" என்று கேட்டாள். பிரித்தாள். அதன்பிறகு நூறு ரூபாய்த் தாளையும் பத்து ரூபாய்க் குற்றிகளையும் வைத்துக் கடை விளையாட்டு. 304இல் பத்துகளின் இடத்தில் பூச்சியம் இருப்பது இன்னொரு கிழமையைத் தின்றது.

பிறகுதான் செய்நிரலில் கழித்தலை மட்டும், கடன் வாங்க வேண்டிய கணக்குகளாக மட்டும், நேரக் கட்டுப்பாடில்லாமல் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் பத்துக்கு ஆறு. "வீட்டில நூறு வரும், இஞ்ச அறுபதுதான் வருது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். தாய்க்கு விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அந்தப் போன் செயலியை அவர் உடனே அழிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

இப்போது கழித்தலில் அவளுடைய பெயருக்கு எதிரே பிழை அபூர்வம். போன சனிக்கிழமைக் கோப்பில் இரண்டு பெருக்கல்கள் மட்டும் நின்றன. ஏழெட்டுக்கு 54 என்றும் ஆறொன்பதுக்கு 56 என்றும் கொடுத்திருக்கிறாள். இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறாள். அந்த இரண்டு சீட்டும் முதற்பெட்டியில் கிடக்கின்றன.