பன்றிப் பல்லும் பாறையின் வயதும்

கென்யாவின் வடபாலுள்ள துருக்கானா ஏரியின் கீழ்க்கரையிலே, கூபி போரா என்னுமிடத்தில், ஏரி அடையல்களுக்கிடையே எரிமலைச் சாம்பற் படையொன்று கிடக்கின்றது. 1969ஆம் ஆண்டில் கே பேரன்சுமையர் என்னும் புவிச்சரிதவியலாளர் அதிலே கற்கருவிகளைக் கண்டார். அவர் பெயரால் அவ்விடமும், இடத்தின் பெயரால் 'கே. பி. எஸ். சாம்பற்பாறை' எனப் படையும் வழங்கலாயின.

அடுத்த ஆண்டில் பிற்சு, மில்லர் ஆகிய இருவரும், பொற்றாசியம் ஆகனாக மாறும் வீதங் கொண்டு, அதன் வயது ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுகள் என்றனர். 1972இல் அப்படைக்குக் கீழே, 1470 என்னும் இலக்கம் பெற்ற மண்டையோடு அகப்பட்டது. மேற்படை 26 இலட்சமாயின், கீழே கிடந்தது அதனினும் பழையதன்றோ? பெருமூளை படைத்த மனிதவினம் அத்துணைப் பழமையானதென்ற கூற்று எங்கும் பரவிற்று.

அதனை மறுத்தவை பன்றிகள். எதியோப்பியாவின் ஓமோப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுப் படைகளிற் கிடைத்த பன்றிப் பற்களை, கூபி போராவின் கீழ்ப்படைப் பற்கள் ஒத்திருந்தன. பாசில் குக் இதனை எடுத்துக்காட்டியும், கருவி தந்த எண்ணையே பலர் பற்றி நின்றனர். எண்ணுக்கு அத்தகைய மயக்கமுண்டு. பன்றிப் பல்லுக்கு அது வாய்ப்பதில்லை. 1975இல் பேக்கிலி ஆய்வுகூடமும் 20 இலட்சத்துக்குக் குறைந்த வயதையே பெற்றது. நீர் வாரிவந்த சாம்பலிலே பழம்பாறைத் துணிக்கைகள் கலந்திருந்தமையே பிழைக்குக் காரணமெனப்பட்டது. பின்னர் மக்டூகல் முதலியோர், சாம்பலோடு கிடந்த நுரைக்கற்களின் பளிங்குகளைத் தெரிந்தெடுத்து ஆராய, வயது ஏறக்குறைய 18 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் என நிலைபெற்றது.

ருடோல்பு ஏரி 1975இல் துருக்கானா ஏரியாயிற்று. படையின் வயதும் மாறிற்று. வயதாற் பெயரிடாது இடத்தாற் பெயரிட்டமையால், அச்சாம்பற்பாறையின் பெயர் மாத்திரம் மாறவில்லை.