கோடை வெயிலைச் சேமித்தோர்

விளைந்த காலத்து நெல்லைக் குதிரில் இட்டு, விளையாத காலத்தில் எடுத்தாள்வது உழவர் வழக்கம். வெயிலையும் அவ்வாறு இட்டு வைக்கலாமா? வீட்டைச் சூடாக்கும் தேவையே அறியாத நமக்கு இவ்வினா விநோதமாகத் தோன்றலாம். மாரியில் நீர் உறையும் நாடுகளிலோ இது உயிர்ப் பிரச்சினை.

பொது மின்வலையோடு இணையாது சூரிய மின்சாரத்தால் இயங்கும் வீடுகளில், வெயில் மிகுந்த நாளிற் சேமிப்பு மின்கலங்கள் நண்பகலிலேயே நிரம்பிவிடும். எஞ்சும் மின்சாரத்தைத் தானியங்கிக் கருவியொன்று நீர்த்தொட்டியைச் சூடாக்கத் திருப்பிவிடும். பகலின் மிகையை இரவுக்கு வைக்க இது போதும். கோடையின் மிகையை மாரிக்கு வைப்பதே கடினம். அம்முயற்சியின் வரலாறு மின்சாரத்திலன்று, வெந்நீரில் தொடங்குகின்றது.

1938இல் கொட்பிறி கபொற் என்னும் செல்வர் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்குச் சூரிய சக்தி ஆராய்ச்சிக்கென நன்கொடை அளித்தார். இயற்கை வாயுவை எரித்துப் புகைக்கரி செய்து பொருளீட்டியவர் இவர் என்பது வேடிக்கை. அந்நிதி கொண்டு 1939இல் ஹொற்றலும் அவர்தம் குழுவினரும் ஒரு சிறு கட்டடம் எழுப்பினர். நிலவறையில் 17,400 கலன் நீர் கொள்ளும் தொட்டி. கூரையில் வெப்பந் திரட்டிகள். கோடையில் ஏறிய வெப்பம் மாரி முழுவதற்கும் போதுமாயிற்று. ஆனால் அத்தொட்டியின் விலைக்கு எத்தனையோ ஆண்டுக்கான எரிபொருளை வாங்கிவிடலாம். கணக்குப் பார்த்தோர் அவ்வழியைக் கைவிட்டனர்.

ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரியா ரெல்க்கெஸ் வேறு வழி தேடினார். பனிக்கட்டி உருகுகையில் வெப்பத்தை உண்டு, மீண்டும் உறைகையில் அதனைத் திருப்பித் தருதல் நாம் அறிந்ததே. கிளோபர் உப்போ ஏறத்தாழ 32 பாகை சதத்திலேயே உருகுவது, விலையும் மலிந்தது. கோடை முழுவதையும் அன்றி, முகில் மூடிய சில நாட்களைக் கடத்தினாற் போதும் என அவர் கருதினார். 1948இல் டோவர் என்னும் ஊரில் வீடு எழுந்தது. வரைந்தவர் எலினோர் றேமண்ட். பணமும் நிலமும் தந்தவர் சிற்பி அமீலியா பீபொடி. மூவரும் பெண்கள். கண்ணாடிக்குப் பின்னே சூடேறிய காற்றை விசிறிகள் உப்புப் பீப்பாக்களிடம் செலுத்தின. ஒரு குடும்பம் அவ்வீட்டில் சில மாரிகளைக் கழித்தது.

பின்னர் உப்புப் பிரிந்தது. பல முறை உருகி உறைந்ததில் திண்மம் அடியிலும் திரவம் மேலிலுமாய்த் தங்கின. பீப்பாக்களும் துருவேறி ஒழுகின. எண்ணெய் உலை உள்ளே வந்தது. 1953இல் ரெல்க்கெஸ் நிறுவகத்தை விட்டு நீங்கினார்.

இதனை எண்ணெய்க் கம்பனிகளின் சதியென எழுதிவிடுதல் நமக்கு எளிது, ஆனால் உண்மையாகாது. உப்பு மெய்யாகவே தோற்றது. எனினும் தோற்ற உப்பைத் திருத்திக் காணும் பொறுமை, எண்ணெய் மலிந்த அக்காலச் சந்தைக்கு இருக்கவில்லை. ஜனாதிபதி ட்றூமன் நியமித்த பேலி ஆணைக்குழு 1952இல், 1975 அளவில் 1 கோடி 30 இலட்சம் சூரிய வீடுகள் தோன்றலாம் என மதிப்பிட்டிருந்தது. மறு ஆண்டே ஐசனோவரின் அரசு அணுசக்தியின் புகழ் பாடத் தொடங்கிற்று. அந்த வீடுகள் அறிக்கையின் தாளிலேயே நின்றுவிட்டன.

கோடையை மாரிக்கு வைக்கும் கனவு மீண்டும் பலித்தது கனடாவில். அல்பேட்டா மாகாணத்து ஒகோடொக்ஸ் நகரில் 52 வீடுகள் கொண்ட குடியிருப்பொன்று 2007இல் இயங்கத் தொடங்கிற்று. கோடை வெப்பத்தை நீரேற்றி, நிலத்தில் இட்ட 144 ஆழ்துளைகள் வழியே மண்ணுக்குள் செலுத்தினர். மாரியில் அம்மண்ணே வீடுகளைச் சூடாக்கியது. 2015-16 மாரியில் அறைகளைச் சூடாக்க வேண்டிய வெப்பம் முழுவதையும் சூரியனே தந்தது. தனி வீட்டுக்குத் தாங்காத தொட்டி, கூட்டாக வாழ்ந்தோருக்குத் தாங்கியது என்பதை இங்கே குறித்தல் தகும்.

காலப்போக்கில் உறுப்புகள் பழுதுற்றன. மாற்று உறுப்புகள் கிடைத்தல் அரிதாயிற்று. 2024இல் அவ்வமைப்பை நிறுத்தி, வீடுகளை இயற்கை வாயுவுக்கு மாற்றும் முடிவு எடுக்கப்பட்டது. அல்பேட்டா, எண்ணெயும் வாயுவும் விற்று வாழும் மாகாணம்.