இன்னார் நிலத்துக்கு வடக்கு

ஓசூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குச் சோறு போடும் வார்த்தை செக்குபந்தி. ஒரு நிலத்தின் நாலு எல்லை. தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் மூவருக்கும் இங்கே இது ஒரே வார்த்தைதான். அப்பா எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இதை எழுதும் முறையை. "நிலத்துல நின்னு எழுதாதடா, பக்கத்து நிலத்துல நின்னு எழுது" என்பார்.

பழைய தமிழ்ப் பத்திரங்களில் எல்லை அப்படித்தான் இருக்கும். 'இன்னார் நிலத்துக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள புஞ்சை.' இன்னார் நிலத்துக்கு வடக்கு என்றால், நம் நிலம் அவருக்கு வடக்கே இருக்கிறது. அதாவது நமக்குத் தெற்கே அவர். பக்கத்துக்காரர் ஒவ்வொருவரும் தன் வரப்பில் நின்று நம் நிலத்தைக் கைகாட்டுகிற மாதிரி. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 21-வது பிரிவும், நிலத்தை அது தொட்டுக்கொண்டிருக்கும் ரோடு, பக்கத்துச் சொத்து, அனுபவத்தில் இருப்பவர் என்று அடையாளம் காட்டத்தான் சொல்கிறது. பரப்பு ஒன்று சொல்லி எல்லை வேறு சொன்னால் பெரும்பாலும் எல்லைதான் நிற்கும் என்று கோர்ட்டுகளும் சொல்லி வந்திருக்கின்றன. ஏக்கர் கணக்கு பிசகலாம், பக்கத்துக்காரன் பிசக மாட்டான் என்ற நம்பிக்கை.

இந்தச் சீமையில் தூரத்தையும் பக்கத்தையும் கல்லில் வெட்டி வைத்த காலமும் உண்டு. தருமபுரிப் பக்கம் கிடைத்த, 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல் ஒன்றில் 'நாவல்தாவளத்துக்குக் காதம் 29' என்று இருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதே கல்லில் குழியும் தோண்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய குழி பத்துக் காதம், ஒரு சின்னக் குழி ஒரு காதம். கழுதை ஓட்டிக்கொண்டு போகிறவன் விரலால் தடவியே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை கரிசனமாக எழுதப்பட்ட அரசாங்கக் காகிதம் எதையும் என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரன் வந்தபோது மலைக்குக் கீழே உள்ள பாராமகால் சீமை 1792-லேயே கும்பெனிக்குக் கைமாறிவிட்டது. கும்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து விவசாயியின் பெயரிலேயே வரி போட்டுக்கொண்டிருந்தபோது, மலைக்கு மேலே ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடமே இருந்தன. 1799-ல் அவர் விழுந்த பிறகுதான் இவை கும்பெனிக்கு வந்தன. மைசூர்க் கணக்கின் வாசனை எங்கள் பத்திரங்களில் இன்னும் போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தலைகீழ் மாற்றம் சிப்காட் தொழிற்பேட்டையோடு வந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், 1987-ல் டைட்டனும் உற்பத்தியைத் தொடங்கின. பின்னாலேயே பெங்களூர்க்காரர்கள் நிலம் வாங்க வந்தார்கள். அவர்களுடைய வக்கீல்களுக்கும் பேங்குகளுக்கும் பத்திரம் இங்கிலீஷில் வேண்டும். அதில் செக்குபந்தி 'நார்த் பை', 'சவுத் பை' என்று ஓடும். அது வாங்குகிறவன் தன் நிலத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கும் கணக்கு. சவுத் பை இன்னார் என்றால் தெற்கே இன்னார். நம் முறையில் அதையே 'இன்னாருக்கு வடக்கு' என்று எழுத வேண்டும். திசை புரளும்.

புரட்டாமல் எழுதினால் என்ன ஆகும்? ஒரு பத்திரம் என் கைக்கு வந்தது, வேறு யாரோ எழுதியது. சானமாவுக் காட்டை ஒட்டி, வடபுறம் ஒரு துண்டு ராகி நிலம். மூலப் பத்திரத்தில் 'சவுத் பை ரிசர்வ் ஃபாரஸ்ட்'. தமிழில் எழுதியவர் 'ரிசர்வ் காட்டுக்குத் தெற்கு' என்று போட்டுவிட்டார். காகிதத்தில் அந்த நிலம் மொத்தக் காட்டையும் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. சர்வே நம்பர் சரியாக இருந்ததால் பிழைத்தது. ஆனாலும் விற்றவரைத் தேடிப் பிடித்து, பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு, மறுபடி கைரேகை வைக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது நியர். இது பத்திரத்தில் கிடையாது, மனைப்பிரிவு நோட்டீஸில்தான். நியர் சிப்காட், நியர் ஹைவே, நியர் பெங்களூர். 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்ததும் கிலோமீட்டர் போய் நிமிஷம் வந்தது, 'ஜஸ்ட் 20 மினிட்ஸ்' என்று. எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று நோட்டீஸ் சொல்வதில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ல் ஹைகோர்ட் தடை போட்டபோது எங்கள் மேஜைகள் காலியாகக் கிடந்தன. வழக்குப் போட்ட வக்கீலின் பெயர் யானை ராஜேந்திரன். சானமாவுப் பக்கத்தில் மனை போட்டவர்களுக்கு யானையால் வந்த தொல்லை போதாதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் நோட்டீஸ்களில் 'நியர் ஏர்போர்ட்' ஏறிவிட்டது. பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று 2033 வரை கூடாது. பெங்களூருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொல்லி எங்கள் ஊர் மனை விற்கிறது, அதே பக்கத்தைக் காட்டி அந்த ஒப்பந்தம் தடுக்கிறது.

எந்த நோட்டீஸிலும் வராத ஒன்று காடு. மழைக்காலம் முடிகிற சமயம் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இறங்கி சானமாவில் தங்கும். ராகி அறுப்பு அப்போதுதான். போடூர்பள்ளத்திலும் பேரண்டப்பள்ளியிலும் பரண் கட்டிப் பட்டாசோடு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி ஹைவேயைத் தாண்டும் கூட்டத்துக்காக வனத்துறை லாரிகளை நிறுத்திவைப்பதும் உண்டு.

பெங்களூரிலிருந்து மனை வாங்க வந்த ஒரு அம்மா கையெழுத்துக்கு முன்னால் கேட்டார்.

"சார், ஃபாரஸ்ட் எவ்வளவு நியர்?"

"தெற்கு எல்லையே அதுதாம்மா. படிச்சுக் காட்டட்டுமா?"

கூட வந்த தரகர் முகம் சுளித்தார். "அண்ணா, 'அரசு நிலம்'னு போட்டுடலாமே, அதுவும் சரிதானே?" என்றார் என்னிடம். தப்பில்லைதான், ரிசர்வ் காடும் அரசு நிலமே. நான் 'ரிசர்வ் காட்டுக்கு வடக்கு' என்றே டைப் அடித்து, அந்த அம்மாவிடம் ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொன்னார். தரகர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.